வெறுங்காலில் நடந்த தலைவர்



கண்டி வாவியைச் சுற்றி அதிகாலையில் நடப்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீரிழிவுக்காகச் சிலர், இரத்த அழுத்தத்திற்காகச் சிலர், வைத்தியர் சொல்லிவிட்டாரே என்பதற்காக இன்னும் சிலர். அவர்களுள் பாடசாலை அதிபர்கள் இருக்கிறார்கள். வங்கி முகாமையாளர்கள் இருக்கிறார்கள். எம்மைப் போன்ற குருக்களும் இருக்கிறார்கள். நடந்து முடித்த மறுகணமே கைத்தொலைபேசியை எடுத்து, முந்தின இரவு விட்ட இடத்திலிருந்து கவலையைத் தொடர்வோரும் பலர். பொறுப்பை ஏற்றவர்கள் பொறுப்பினாலேயே நோயாளிகளாகும் காலம் இது. குடும்பத்தை நடத்தும் தாய் முதல் நிறுவனத்தை நடத்தும் பணிப்பாளர் வரை, மன அழுத்தம் என்ற சொல்லை உச்சரிக்காதவர் அரிது.

இந்த வாவி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னனின் காலத்தில், 1807ஆம் ஆண்டளவில் அமைக்கத் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இவ்விடம் வயல்வெளியாகக் கிடந்தது. வாவி பிறப்பதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்னர், 1692இல், இந்தப் பள்ளத்தாக்கிற்கு ஒரு மனிதர் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். கையில் பணமில்லை, காலில் செருப்பில்லை, நாட்டில் ஆதரவில்லை. தீவு முழுவதிலும் கத்தோலிக்க மக்களுக்கென இருந்த ஒரே குருவானவர் அவரே. ஒரு தனி மனிதரின் தோளில் வைக்கக்கூடிய பாரங்களில் இதைவிடப் பெரியது எது? அவர் அந்தப் பாரத்தை எவ்வாறு சுமந்தார் என்பதே இன்றைய சிந்தனை. அவரே இலங்கைத் திருநாட்டின் முதல் புனிதர், யோசப் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவின் சால்செட் பகுதியிலுள்ள பெனாவுலிம் என்ற ஊரில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி அவரது தாய்மொழி. போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் பள்ளியில் கற்றார். இயேசு சபையாரின் கல்லூரியிலும், பின்னர் சாமிநாதர் சபையாரின் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நல்ல மறையுரையாளர் என்றும், பொறுமையாகப் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் என்றும் விரைவில் பெயர் பெற்றார். உயர்ந்த இடங்களுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு முன்னே திறந்திருந்தது. அவரோ குருத்துவம் பெற்றதும் காலணிகளைக் கழற்றிவிட்டார். ஏழைகள் எப்படி நடக்கிறார்களோ அப்படியே நடப்பது என்று முடிவு செய்தார், இறுதிவரை நடந்தார்.

இது தவத்திற்காகச் செய்யப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் அதில் தலைமைத்துவத்தின் முதற்பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. நடப்பவன் மெதுவாகச் செல்கிறான். மெதுவாகச் செல்பவன் மனிதர்களைக் காண்கிறான். பல்லக்கில் சென்ற அதிகாரிகள் காணாத முகங்களை, வெறுங்காலில் சென்ற குருவானவர் கண்டார். இன்றைய அதிபர் ஒருவர், தம் அறையில் அமர்ந்து அறிக்கைகளை வாசிப்பதற்கு முன், நாள்தோறும் கால் மணி நேரம் வகுப்பறைகளின் ஓரமாக நடந்து வந்தால் எத்தனை பிணக்குகள் பிறக்கும் முன்னரே தீர்ந்துபோகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள்.

1681இல் அவர் கனரா நாட்டு மறைப்பணிக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். இன்றைய மங்களூரையும் அதனைச் சூழ்ந்த கரையோரப் பகுதியையும் கொண்ட நாடு அது. அங்கே அவரை எதிர்கொண்டது ஒரு கசப்பான பிணக்கு. போர்த்துக்கல் அரசின் உரிமையின்கீழ் பணியாற்றிய குருக்களுக்கும், உரோமையால் நேரடியாக நியமிக்கப்பட்ட ஆயருக்கும் இடையே, அதிகாரம் யாருடையது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரு தரப்பாரும் தத்தம் உரிமையை நிலைநாட்ட முயல, இடையில் மக்கள் குழம்பிப்போயிருந்தனர். அடிகளார் ஒரு தரப்பின் கொடியைத் தூக்கிக்கொண்டு மறுதரப்பைத் தாக்கவில்லை. தம்மை அனுப்பியவர்களுக்கும் பணிந்து, ஆயரையும் மதித்து, மக்கள் அருட்சாதனங்களைத் தடையின்றிப் பெறுவதற்கு என்ன வழியோ அதனைத் தேடினார். அலுவலகங்களிலும் சங்கங்களிலும், ஏன், ஆலய சபைகளிலும்கூட, நம்மைச் சோர்வடையச் செய்வது பெரும்பாலும் வேலைப்பளு அன்று. யார் பெரியவர் என்ற போட்டியே. அந்தப் போட்டியில் இறங்க மறுத்த மனிதருக்கு வேலை செய்யப் பலம் மிஞ்சியிருந்தது.

1684இல் கோவா திரும்பிய அவர், அங்கே ஒன்றுகூடி வாழ விரும்பிய சில உள்நாட்டுக் குருக்களோடு சேர்ந்தார். 1685இல் புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவி அக்குழு ஒரு துறவற இல்லமாக உருப்பெற்றது. பிலிப்பு நேரி, திருச்சபையில் மகிழ்ச்சிக்குப் பெயர்போன புனிதர் என்பதை இங்கே நினைவில் கொள்வோம். அடிகளாரே அந்த இல்லத்தின் தலைவரானார். நாள்தோறும் குறித்த நேரத்தில் தியானம், குறித்த நேரத்தில் பொதுச்செபம், குறித்த நேரத்தில் உணவு, பணி, ஓய்வு என அங்கே வாழ்வு ஒழுங்குபெற்றது. பின்னாளில் காடுகளிலும் சிறையிலும் அவரைத் தாங்கிய தூண் இந்த ஒழுங்குதான்.

அவ்வேளையில் இலங்கையின் செய்தி அவர் உள்ளத்தை வருத்திக்கொண்டிருந்தது. 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க மறையைத் தடைசெய்து குருக்களை வெளியேற்றியிருந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அங்கே திருப்பலி இல்லை. பிறந்த குழந்தைகளுக்கும் இறக்கும் முதியவர்களுக்கும் அருகிருக்கக் குருவானவர் இல்லை. அடிகளார் தலைமைப் பதவியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். தூத்துக்குடி வந்து, 1687இல் படகேறி, புயலில் அலைக்கழிந்து மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றார். குருவானவர் என்று தெரிந்தால் ஆபத்து. ஆகவே கூலியாளின் உடையில், யோவான் என்ற பணியாளர் துணைவர, பிச்சை கேட்பவராக வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் ஒரு செபமாலை மாத்திரம் தொங்கியது. அதனைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறதோ, அவர் நம்மவர் என்று அறிந்துகொள்வதற்காக.

ஆனால் பணி தொடங்கும் முன்னரே உடல் வீழ்ந்தது. கடும் வயிற்றுளைச்சல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. நோய் தொற்றிவிடும் என்று அஞ்சியவர்கள் விலகிச் சென்றார்கள். மனமிரங்கிய ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்தது என்று வரலாறு கூறுகிறது. மக்களைக் காப்பாற்ற வந்தவர், அந்த மண்ணில் முதலில் கற்றுக்கொண்டது ஒரு கோப்பைக் கஞ்சியைக் கைநீட்டி வாங்குவதை!

அன்பார்ந்தவர்களே, இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். குருத்துவம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், மலைத்தோட்டங்கள் நிறைந்த ஒரு பங்கில் நான் பணியாற்றினேன். சிற்றாலயங்கள் பல, பாதைகள் கரடுமுரடு, எல்லா இடத்திற்கும் நானே செல்ல வேண்டும், எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்ற எண்ணம். நள்ளிரவுவரை விழித்திருப்பேன், காலை உணவைத் தவிர்ப்பேன், கட்டளைச் செபத்தை வாகனத்தில் ஓடிக்கொண்டே முடிப்பேன். இது தியாகம் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். ஒருநாள் மாலை, மரண வீட்டிலிருந்து அடக்கச் சடங்கின் நேரத்தைக் கேட்க வந்த ஒரு முதியவர்மீது எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்தபடி, மழையில் திரும்பிப்போனார். அந்த முதுகை நான் இன்றும் மறக்கவில்லை.

சில நாள்கள் கழித்து, மூத்த குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அவர் என்னைக் கண்டிக்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எப்போது சாப்பிடுகிறாய், எந்த நேரத்தில் தனியாக இறைவனோடு இருக்கிறாய் என்று மூன்றே கேள்விகளைக் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை, இம்முறை மெதுவாக வாசிக்கும்படி சொல்லி அனுப்பினார். குருமடத்தில் படித்தபோது அவரது வீரச்செயல்களே என் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அந்த வீரத்தைத் தாங்கிநின்ற சிறிய பழக்கங்கள் தெரிந்தன.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். உடல் தேறியதும், யாழ்ப்பாணத்தில் சில்லாலை என்ற ஊரை மையமாகக் கொண்டு பணியாற்றினார். பகலில் மறைந்திருந்து, இரவில் நடந்து, வீடுகளில் மக்களைக் கூட்டித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தமிழைக் கற்று, மக்களின் மொழியிலேயே போதித்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், செபத்திற்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தர் சூழ்ந்து பிடித்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் அடிபட்டு உயிரும் துறந்தனர். குருவானவர் மட்டும் அகப்படவில்லை. தமக்காகத் தம் மக்கள் துன்புறுவதைக் காணும் தலைவனின் வேதனையைவிடக் கொடிய வேதனை உண்டா? அந்த வேதனையோடு அவர் புத்தளம் பகுதிக்குச் சென்றார். அது கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட நிலம். அங்கிருந்து 1692இல் தலைநகருக்கு வந்தார்.

வந்தவரை வரவேற்றது சிறை. மன்னரின் சேவையிலிருந்த பிரெஞ்சு நாட்டுக் கல்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டியிருந்தார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியரின் ஆணைப்படி அடிகளார் காவலில் வைக்கப்பட்டார். இங்கேதான், அன்பார்ந்தவர்களே, மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி எந்த நூலும் கற்பிக்காத ஒன்றை நாம் காண்கிறோம். வெளியே ஆயிரக்கணக்கான மக்கள் குருவானவருக்காக ஏங்கிக் காத்திருக்கிறார்கள். உள்ளே அந்தக் குருவானவர் அசைய முடியாமல் இருக்கிறார். பதற்றம் கொள்வதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டுமா? ஆனால் அவர் தம்மால் இயலாததை இறைவனிடம் விட்டார், இயன்றதைக் கையிலெடுத்தார். செபத்திற்குரிய நேரங்களைச் சிறையிலும் காத்துக்கொண்டார். சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். காவல் சிறிது தளர்ந்ததும், இருந்த இடத்திலேயே ஓலைக்கொட்டில் ஒன்றை அமைத்து அதனைச் சிற்றாலயமாக்கினார். அவர் வெளியே சென்று தேட முடியாத மக்கள், ஒருவர் இருவராக உள்ளே வந்து அவரைத் தேடினார்கள்.

நம்மில் பலர் எதிர்மாறாக நடக்கிறோம். நாட்டின் நிலை, பொருள்களின் விலை, மேலதிகாரியின் குணம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் எதிர்காலம் என நம் கைக்கு எட்டாதவற்றை இரவெல்லாம் சுமக்கிறோம். கைக்கு எட்டுகிற ஒரு கடிதம் பதிலின்றிக் கிடக்கிறது. அருகிலிருக்கும் முதிய தாயோடு பத்து நிமிடம் பேச நேரமில்லை. இன்று என்னால் செய்ய இயன்ற ஒன்று எது என்று காலையில் கேட்டு, அதனைச் செய்து முடிக்கிறவனின் உள்ளத்தில் கவலைக்கு இடம் குறைகிறது.

1696இல் நாட்டைக் கடும் வறட்சி வாட்டியது. மழைக்காக மன்றாடும்படி மன்னரே கேட்டுக்கொள்ள, அடிகளார் பொது இடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டு வேண்டினார் என்றும், சுற்றிலும் பெருமழை பொழிய அவரும் பீடமும் மட்டும் நனையாதிருந்தனர் என்றும் மரபு கூறுகிறது. மன்னர் பௌத்த மறையில் ஆழ்ந்த பற்றுள்ளவர். புனித தந்தத்திற்கு மூன்று மாடிகள் கொண்ட மாளிகை எழுப்பியவர். அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்தவர். அத்தகைய மன்னர், அயல் மறையைச் சேர்ந்த இத்துறவிக்கு நாடெங்கும் சென்று பணியாற்றச் சுதந்திரம் அளித்தார். கண்டி மண்ணின் பெருந்தன்மையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய இடம் இது. அடிகளாரோ அரசவையில் பதவியோ, நிலமோ தேடவில்லை. கிடைத்த சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

மறு ஆண்டு, 1697இல், கண்டியில் பெரியம்மை பரவியது. அச்சம் அன்பை வென்றது. நோயுற்றவர்களை உறவினரே கைவிட்டுச் சென்றனர். சிலரைக் காடுகளில் கொண்டுபோய் விட்டனர். அப்போது அடிகளார் தனியாக இருக்கவில்லை. கோவாவிலிருந்து வந்த யோசப் கர்வாலியோ அடிகளார் துணையிருந்தார். இருவரும் கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர், வெறுமையான வீடுகளில் அவர்களைச் சேர்த்துப் பராமரித்தனர், புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தவர்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். நீ எந்த மறை, எந்த இனம் என்று யாரிடமும் கேட்கவில்லை. 2020இல் உலகையே முடக்கிய கொள்ளைநோயை நாம் கண்டிருக்கிறோம். உற்றவரின் முகத்தைக்கூடக் காண இயலாமல் அடக்கம் செய்த துயரம் நமக்குத் தெரியும். ஆகவே 1697ஆம் ஆண்டின் கண்டி வீதிகளில் அந்த இரு மனிதர்கள் நடந்தார்கள் என்பதன் பொருளை, நம் முன்னோரைவிட நம்மால் நன்றாக உணர முடியும்.

நெருக்கடி வேளையில் தலைவன் எங்கே நிற்கிறான் என்பதே அவனைப் பற்றி மக்கள் நினைவில் வைக்கும் செய்தி. ஆனால் அந்த வேளையில் அருகே நிற்கும் துணிவு அந்த வேளையில் பிறப்பதில்லை. கனராவிலும் சில்லாலையிலும் சிறையிலும் ஒவ்வொரு நாளும் ஏழைகளின் அருகே சென்று பழகிய கால்களே, 1697இல் நோயாளிகளிடம் தயக்கமின்றிச் சென்றன.

தனிமையில் தொடங்கிய பணி இதன்பின் பகிர்ந்த பணியாயிற்று. அவர் கோவாவுக்குக் கடிதங்கள் எழுதி உதவி கேட்டார். உதவி கேட்பதை அவர் இழுக்காக நினைக்கவில்லை. வந்த குருக்களைத் தீவின் பல பகுதிகளுக்கு அனுப்பினார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரக்கூடிய ஊர்களில், மூப்பர், அண்ணாவியார் என்ற பொறுப்புகளில் பொதுநிலையினரை ஏற்படுத்தினார். ஞாயிறு செபத்தை நடத்தவும், சிறுவருக்கு மறைக்கல்வி கற்பிக்கவும், நோயுற்றோரைச் சந்திக்கவும் அவர்களே நம்பிக்கையோடு அமர்த்தப்பட்டார்கள். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான குருமுதல்வராக நியமித்தார். ஆயர் பதவிக்கு அவரை உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது, அவர் அதனை ஏற்க மறுத்தார். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதி, நம் கத்தோலிக்க இலக்கியத்திற்கு அடித்தளமிட்டவர் அவர். தம்மைவிட எழுத்தில் வல்ல ஒருவரைக் கண்டு பொறாமைப்படாமல், அவருக்கு வழிவிட்டு ஊக்கமளித்தது யோசப் வாஸ் அடிகளாரின் பெருமை.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயை அவருடைய மாமனார் எத்திரோ கண்டிப்பதை நாம் வாசிக்கிறோம். இப்படியே செய்தால் நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள் என்பதே அந்த முதியவரின் கவலை. எல்லாவற்றையும் தானே செய்பவன் மக்களுக்கு நன்மை செய்வதாக நினைக்கிறான். உண்மையில் அவர்கள் வளரும் வாய்ப்பைப் பறிக்கிறான். என் மலைத்தோட்டப் பங்கில் நான் செய்த தவறும் அதுவே. பின்னர், ஒவ்வொரு சிற்றாலயத்திலும் இருவரைப் பயிற்றுவித்துப் பொறுப்பளித்தேன். நான் செய்ததைவிட அவர்கள் நன்றாகவே செய்தார்கள். அந்த முதியவரின் இல்லத்திற்கும் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்து என்னை அமரவைத்தார்.

அன்பார்ந்தவர்களே, ஒரு கேள்வி உங்களுள் எழலாம். இவ்வளவு சொல்லும் இந்தப் புனிதர் தம் உடலை வருத்தியவர் அல்லவா? 59 வயதிலேயே இறந்தவர் அல்லவா? உண்மைதான். கரடான காட்டுப் பாதைகளும், காய்ச்சல்களும், கடுந்தவங்களும் அவருடைய உடலைத் தேய்த்தன. அவருடைய தவங்களை அப்படியே பின்பற்றும்படி திருச்சபை நம்மைக் கேட்பதில்லை. குழந்தைகளை வளர்க்கும் தந்தைக்கும் தாய்க்கும் உறக்கமும் உணவும் கடமையின் பகுதிகளே. சோர்ந்துபோய், இறந்துவிட விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா இறைவாக்கினருக்கு, இறைவன் முதலில் அறிவுரை வழங்கவில்லை. உறங்க வைத்தார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்க வைத்தார். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். களைத்து வந்த திருத்தூதர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்கும்படி நம் ஆண்டவரே அழைத்தார். ஓய்வு இறைவனின் கொடை. உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், தயங்காமல் வைத்தியரை நாடுங்கள். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. யாழ்ப்பாணத்தில் கஞ்சியை வாங்கிக் குடித்த புனிதர் அதற்குச் சாட்சி.

1710இல் நலிவுற்ற உடலோடு அடிகளார் கண்டியில் படுத்துவிட்டார். வேதனை மிகுதியாக இருந்தது. ஆயினும் செபத்திற்குரிய நேரங்கள் தவறவில்லை. தம்மைச் சூழ நின்ற உடன்பணியாளர்களுக்கு அவர் விட்டுச்சென்ற இறுதி அறிவுரையின் கருத்து இதுவே: வாழ்நாள் முழுவதும் பழகாமல் விட்டதை, இறக்கும் வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது நரேந்திரசிங்க மன்னர் ஆட்சியிலிருந்தார். மக்கள் திரள் திரளாக வந்து கண்ணீர் சிந்த, கண்டியிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார். ஆனால் அவரது கல்லறை கண்டியில் எங்கே இருக்கிறது என்பது இன்று எவருக்கும் தெரியாது. நாம் தினமும் நடக்கும் இந்த நகரத்தின் ஏதோ ஓரிடத்தில், பெயர்ப்பலகை இன்றி, அந்தக் கால்கள் ஓய்வெடுக்கின்றன. தம் பெயரை நிலைநாட்ட உழைக்காத தலைவருக்கு இது பொருத்தமே. அவர் விட்டுச்சென்ற நம்பிக்கை, அவர் நடந்த ஊர்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அடுத்த முறை வாவிக் கரையில் நடக்கும்போது, கைத்தொலைபேசியைப் பையிலேயே விட்டுவிடுங்கள். முதல் சுற்றை இறைவனுக்குக் கொடுங்கள். இரண்டாம் சுற்றில், இன்று என்னால் செய்ய இயன்ற ஒன்று எது, நான் பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய ஒன்று எது என்று கேளுங்கள். வீடு திரும்பும் வழியில், நேற்று உங்கள் களைப்பினால் காயப்பட்டவர் யார் என்று நினைத்துப் பார்த்து, அவரிடம் முதலில் பேசுங்கள். இரவில் படுக்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, முடிந்ததற்கு நன்றி கூறி, முடியாததை இறைவனின் கையில் வைத்துவிட்டு உறங்குங்கள். இவை சிறியவைதான். பெருஞ்சோதனை வரும் நாளில் நம்மைத் தாங்கப்போவது இந்தச் சிறியவைதான்.

புனித யோசப் வாஸ் அடிகளாரின் பரிந்துரையால், பாரம் சுமப்போர் அனைவருக்கும் இறைவன் இளைப்பாறுதல் அருள்வாராக. ஆமென்.